ஜிசிஎஸ்இ ஆங்கிலம்: இரண்டு கட்டுரைகளைச் சேர்த்து ஒரே விடையாக எழுதுவது எப்படி

ஜிசிஎஸ்இ என்பது இங்கிலாந்தில் பதினாறு வயதளவில் எழுதும் பொதுப் பரீட்சை. கோடை காலப் பரீட்சையில் எனக்கு ஆங்கிலத்துக்குக் கிரேடு 3 வந்தது (9 மிக உயர்ந்தது, 1 மிகக் குறைந்தது). ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க 4 வேண்டும். பரீட்சை எழுதிய மையத்தில் கேட்டு, திருத்திய விடைத்தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் வினாத்தாளின் இரண்டாவது கேள்வியில் 8 புள்ளிக்கு 2 போட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். வசனங்களில் பெரிய பிழை எதுவும் இல்லை. எழுதிய தகவல்களும் சரி. பிறகு ஏன் 2?

விடையை மூன்று தரம் வாசித்த பிறகுதான் புரிந்தது. முதல் கட்டுரையை ஒரு பந்தியில் சுருக்கியிருந்தேன், இரண்டாவதை அடுத்த பந்தியில் சுருக்கியிருந்தேன். ஊரில் சாதாரண தரத்துக்குப் படித்த காலத்தில் 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக' என்று கேட்பார்கள். அந்தப் பழக்கம் கையில் அப்படியே இருந்தது. இந்தக் கேள்வி கேட்பது அதை அல்ல. இரண்டு கட்டுரைகளிலும் இருப்பதை ஒன்றோடு ஒன்று கோர்த்து, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். நவம்பரில் திரும்ப எழுதினேன், 5 வந்தது. இடையில் நான் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன். வயது வந்த பிறகு இங்கிலாந்துக்கு வந்து, தனியாக இந்தப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பதினைந்து, பதினாறு வயதில் இங்கே பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளைகளுக்கும் மூன்றாம் படியிலிருந்து இது உதவும்.

1. எந்தச் சபையின் பரீட்சை என்று உறுதிப்படுத்துங்கள்

ஜிசிஎஸ்இ ஆங்கிலம் என்று ஒரே பெயர் சொன்னாலும் வினாத்தாள் ஒன்றல்ல. ஏகியூஏ, எடெக்செல், எடுகாஸ், ஓசிஆர் என்று பரீட்சை நடத்தும் தனித்தனிச் சபைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கதையல்லாத கட்டுரைகளைச் சேர்த்து எழுதும் கேள்வி உண்டு. புள்ளியும் கேட்கும் விதமும் மாறும்.

ஏகியூஏ (பாடக் குறியீடு 8700) என்றால் அது இரண்டாம் வினாத்தாளின் 2வது கேள்வி, 8 புள்ளி. பெரும்பாலும் வேறுபாடுகளைக் கேட்பார்கள், சில வருடங்களில் ஒற்றுமைகளைக் கேட்பார்கள். எடெக்செலில் (1இஎன்0) இரண்டாம் வினாத்தாளின் 7ஏ, 6 புள்ளி, ஒற்றுமைகள்தான் வரும். எடுகாஸில் இரண்டாம் பகுதியின் ஏ5, 4 புள்ளி. நான் எழுதியது ஏகியூஏ. அதனால் கீழே வரும் நேரக் கணக்கும் புள்ளிக் கணக்கும் அதற்குரியவை. முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எடெக்செலில் 1இஎன்0, 1இஎன்2 என்று இரண்டு பாடத்திட்டங்கள் இருக்கின்றன. என்னோடு நவம்பரில் எழுதிய ஒரு அக்கா ஆறு வாரம் மற்றதன் பழைய வினாத்தாள்களைச் செய்துவிட்டு வந்திருந்தார். மையம் அனுப்பும் பதிவு உறுதிக் கடிதத்தில் பாடக் குறியீடு இருக்கும். அதைப் பார்த்த பிறகே வினாத்தாள்களை அச்சடியுங்கள். ஐஜிசிஎஸ்இ என்பது இன்னொரு பரீட்சை, அதையும் இதோடு கலக்க வேண்டாம். கேள்விகளின் சொற்களைச் சபைகள் அவ்வப்போது திருத்துவதும் உண்டு. நீங்கள் எழுதப்போகும் வருடத்துக்கான மாதிரி வினாத்தாளைச் சபையின் இணையத்தளத்தில் பாருங்கள்.

2. பதிவு, செலவு, கடவுச்சீட்டு

வயது 19க்கு மேல், இதுவரை ஆங்கிலத்தில் கிரேடு 4 இல்லை என்றால், காசு கொடுப்பதற்கு முன் உங்கள் பகுதியின் வளர்ந்தோர் கல்லூரியில் விசாரியுங்கள். இங்கிலாந்தில் அந்த நிலையில் இருப்பவர்களுக்கு வகுப்பும் பரீட்சையும் அரசு செலவில் கிடைக்க வழி உண்டு. விசா நிலையையும் எத்தனை வருடமாக இங்கே வசிக்கிறீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். வகுப்புகள் செப்டம்பரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு சிறிய மதிப்பீட்டுப் பரீட்சை வைப்பார்கள், ஆகவே ஜூன், ஜூலையிலேயே கேட்பது நல்லது.

அந்த வழி சரிவராவிட்டால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். சபையில் நேராகப் பதிய முடியாது, ஒரு மையத்தின் ஊடாகத்தான் பதிய வேண்டும். தனிப்பட்டவர்களை ஏற்கும் மையங்களைத் தேட, சபைகளின் கூட்டமைப்பான ஜேசிகியூவின் இணையத்தளத்தில் வசதி இருக்கிறது. கட்டணத்தை மையமே தீர்மானிக்கும். நான் விசாரித்த மூன்று மையங்கள் 150 முதல் 240 பவுண் வரை சொன்னார்கள், நான் கட்டியது 185. பிந்திப் பதிந்தால் மேலதிகக் கட்டணம் உண்டு.

மே, ஜூன் பரீட்சைக்குப் பதிவின் கடைசி நாள் பெப்ரவரி 21, நவம்பர் பரீட்சைக்கு அக்டோபர் 4. இவை மையங்கள் சபைக்கு அனுப்ப வேண்டிய நாட்கள். மையம் உங்களிடம் கேட்கும் நாள் இதற்கு இரண்டு மூன்று கிழமை முன்னதாக இருக்கும். நவம்பரில் எழுத, அந்த வருடம் ஆகஸ்ட் 31 அன்று 16 வயது ஆகியிருக்க வேண்டும். கோடைப் பரீட்சையின் முடிவு ஆகஸ்டிலும் நவம்பர்ப் பரீட்சையின் முடிவு ஜனவரியிலும் வரும். ஆகஸ்டில் முடிவைப் பார்த்துவிட்டு நவம்பரில் திரும்ப எழுத நினைப்பவர்களுக்கு ஒரு மாதம்தான் அவகாசம், தள்ளிப் போடாதீர்கள். திரும்ப எழுதினால் இரண்டு வினாத்தாளையும் எழுத வேண்டும். முன்பு எழுதிய முதலாம் வினாத்தாளின் புள்ளியைக் கொண்டுவர முடியாது.

ஆவணம் என்று பார்த்தால் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு போதும். முன்பு இங்கே ஏதாவது பரீட்சை எழுதியிருந்தால் அதன் பரீட்சார்த்தி எண்ணையும் கொடுங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அப்பா பெயர் முன்னால் வந்தும் பின்னால் வந்தும், ஒரு ஆவணத்தில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுதாகவும் இருக்கும். பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் மாறாமல் நிரப்புங்கள். சான்றிதழ் அந்தப் பெயரில்தான் வரும். பிறகு மாற்றப் போனால் காசும் வாரக்கணக்கில் நேரமும் போகும்.

பேச்சுத் திறனுக்கு ஒரு தனி மதிப்பீடு இருக்கிறது. அது 9 முதல் 1 வரையான கிரேடில் சேராது, சான்றிதழில் தனியாக வரும். சில மையங்கள் தனிப்பட்டவர்களுக்கு அதை நடத்துவதில்லை. நீங்கள் சேரப்போகும் இடத்துக்கு அது தேவையா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

3. கேள்வி எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். ஏகியூஏ இரண்டாம் வினாத்தாளில் இரண்டு பகுதிகள் தருவார்கள். ஒன்று 19ஆம் நூற்றாண்டில் எழுதியது, மற்றது 20 அல்லது 21ஆம் நூற்றாண்டில் எழுதியது. இரண்டும் ஒரே பொருளைத் தொடும். சோர்ஸ் ஏ, சோர்ஸ் பி என்று பெயர்.

2வது கேள்வியின் 8 புள்ளியும் மூன்று விஷயங்களுக்குத்தான். இரண்டு பகுதியிலிருந்தும் பொருத்தமான சான்று எடுத்தீர்களா? அந்தச் சான்றிலிருந்து நேராகச் சொல்லாத ஒன்றை ஊகித்தீர்களா? இரண்டையும் இணைத்தீர்களா?

மொழிநடைக்கு இங்கே ஒரு புள்ளியும் கிடையாது. உவமை, உருவகம், எதுகை என்று எழுதினால் அந்த நேரம் வீண். அது 3வது கேள்வியின் வேலை. எழுத்தாளர் ஏன் இப்படி எழுதினார், வாசகர் மனதில் என்ன தோன்றும் என்பதும் இங்கே வேண்டாம். நூலகத்தில் நான் சந்தித்த கல்லூரி மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நேரத்தைத் தொலைத்திருந்தார்கள். நல்ல ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் அவர்கள்.

4. கேள்வியைப் படித்த பிறகு கட்டுரைக்குப் போங்கள்

முழு வினாத்தாளுக்கும் 1 மணி 45 நிமிடம். வாசிப்புக்கென்று 15 நிமிடம் எடுக்கும்படி வினாத்தாளிலேயே சொல்லியிருப்பார்கள். அந்த 15 நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். 2வது கேள்விக்கு 10 நிமிடம் ஒதுக்கலாம். அதற்கு மேல் போனால் 40 புள்ளிக்குரிய எழுத்துக் கேள்வியிலிருந்து கடன் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

கேள்வியில் ஒரு சொல் மையமாக இருக்கும். அதைப் பேனையால் வட்டமிடுங்கள். என் கையால் ஒரு சின்ன உதாரணம் எழுதிக் காட்டுகிறேன். தமிழில் தருகிறேன், பரீட்சையில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்.

சோர்ஸ் ஏ, 2016இல் ஒரு பத்திரிகைப் பத்தி என்று வையுங்கள்: "காலை 7.42 வண்டி. கிராய்டனில் ஏறும்போதே நிற்க இடமில்லை. ஒருவருடைய முழங்கை என் விலாவில். நான்கு வருடமாக அதே முழங்கைதான், அவர் பெயர் எனக்குத் தெரியாது. எல்லா முகத்திலும் தொலைபேசியின் நீல வெளிச்சம். ஒருநாள் வண்டி சுரங்கத்துக்குள் நாற்பது நிமிடம் நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்."

சோர்ஸ் பி, 1850களில் ஒரு பெண் தங்கைக்கு எழுதிய கடிதம் என்று வையுங்கள்: "மூன்றாம் வகுப்பில் வெறும் பலகைதான். சாளரத்துக்குக் கண்ணாடி இல்லை, காற்று ஊசிபோல் குத்தியது. எதிரே இருந்த கிழவி என்னைக் கேளாமலே தன் சால்வையின் ஒரு நுனியை என் பிள்ளைமேல் போட்டாள். ஒரு சுரங்கத் தொழிலாளி தன் ரொட்டியை ஐந்தாகப் பிய்த்தான். லீட்ஸ் போய்ச் சேருமுன் எல்லாருடைய கதையும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இறங்கும்போது கிழவி அழுதாள், நானும்தான்."

கேள்வி: இரண்டு பகுதிகளையும் பயன்படுத்தி, *பயணிகள்* எவ்வாறு வேறுபடுகிறார்கள் என்று எழுதுக.

மையச் சொல் பயணிகள். ரயில் பெட்டி அல்ல. கண்ணாடி இல்லாத சாளரம், பலகை இருக்கை, இடநெருக்கடி, இவை பெட்டியைப் பற்றியவை. இப்படி ஒரு கேள்வியில் நான் இருக்கையையும் சாளரத்தையும் ஒப்பிட்டு அரைப் பக்கம் எழுதினேன். எல்லாம் பகுதியில் இருந்த தகவல்தான், கேட்டதற்கு விடை அல்ல. ஒவ்வொரு சான்றை எடுக்கும்போதும் "இது பயணியைப் பற்றியதா?" என்று மனதுக்குள் கேளுங்கள். இல்லை என்றால் விடுங்கள்.

5. சான்றுகளை ஜோடி சேருங்கள்

விடை எழுதுவதற்கு முன் இரண்டே நிமிடம். சோர்ஸ்கள் அச்சிட்ட தாள் உங்கள் கையில் தனியாக இருக்கும், அதில் கோடு போடலாம், குறிக்கலாம். ஏ-யில் ஒரு வரியைக் குறித்தவுடன் அதற்குப் பதில் சொல்லும் வரி பி-யில் எங்கே என்று தேடுங்கள். கிடைத்தால் இரண்டுக்கும் பக்கத்தில் 1 என்று எழுதுங்கள். அடுத்த ஜோடிக்கு 2. ஜோடி கிடைக்காத சான்று எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு உதவாது.

மேலே உள்ள உதாரணத்தில் எனக்கு மூன்று ஜோடி தெரிகிறது. விலாவில் இருக்கும் முழங்கைக்கு எதிரே பிள்ளைமேல் போட்ட சால்வை நுனி, இரண்டும் உடல் நெருக்கம். நான்கு வருடமாகத் தெரியாத பெயருக்கு எதிரே லீட்ஸ் வருமுன் தெரிந்துகொண்ட கதைகள். சுரங்கத்தில் விட்ட பெருமூச்சுக்கு எதிரே குளிரில் பிய்த்த ரொட்டி, இரண்டும் கஷ்டம் வந்தபோது நடந்தது.

ஒன்று கவனியுங்கள். ஒரு ஜோடிக்குள் பொதுவான ஒரு தளம் இருந்தால்தான் வேறுபாடு என்று சொல்ல முடியும். தொலைபேசி வெளிச்சத்தையும் கிழவி அழுததையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் ஒட்டாது. பொதுத் தளத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்: நெருக்கம், அறிமுகம், கஷ்டம். அந்தப் பெயரே உங்கள் பந்தியின் முதல் வசனமாக ஆகிவிடும்.

இரண்டு ஜோடியை நன்றாக எழுதினால் போதும். மூன்றாவதற்கு நேரம் இருந்தால் எழுதலாம். ஐந்து ஆறு ஜோடியை ஓடி ஓடி எழுதியவர்களுக்கு மேல்நிலைப் புள்ளி கிடைப்பது கடினம், ஏனென்றால் ஊகத்துக்கு இடமே இருக்காது.

6. ஊகம்: 2 புள்ளிக்கும் 7 புள்ளிக்கும் இடையே இருப்பது இதுதான்

ஏகியூஏயின் புள்ளித் திட்டத்தில் நான்கு படிகள் இருக்கின்றன. 1–2 எளிய விடை, 3–4 முயன்ற விடை, 5–6 தெளிவான விடை, 7–8 நுட்பமான விடை. படி ஏறுவது நீளத்தால் அல்ல, ஊகத்தின் ஆழத்தால்.

"ஏ-யில் பயணிகள் கதைக்கவில்லை, பி-யில் கதைத்தார்கள்" என்பது பகுதியில் இருப்பதைத் திருப்பிச் சொல்வது. உண்மைதான், ஆனால் அங்கேயே நின்றால் கீழ்ப்படி.

ஊகத்துக்கு நான் பழகிய வழி, சான்றைப் பார்த்து "ஏன்?" என்று இரண்டு தரம் கேட்பது. நான்கு வருடமாக ஏன் பெயர் கேட்கவில்லை? அவர்களுக்கு விருப்பமில்லை. ஏன் விருப்பமில்லை? உடம்பால் விலக இடமில்லாத இடத்தில் பேசாமல் இருப்பது ஒன்றுதான் அவர்களுக்கு மிஞ்சிய தனிமை. இப்போது பி-க்கு வாருங்கள். கிழவி ஏன் கேளாமலே சால்வையைப் போட்டாள்? குளிர் எல்லாருக்கும் பொது. அந்நியரோடு ஏன் எல்லாக் கதையும்? ஒரே ஒரு பயணம், இனிச் சந்திக்கப் போவதில்லை, அதனால் மனம் திறப்பது லேசாக இருந்தது. ஏ-யில் இருப்பவர்களோ நாளைக் காலையும் அதே பெட்டியில் ஏறவேண்டியவர்கள்.

இந்தக் கடைசி விஷயம் இரண்டு பகுதியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. திருத்துபவர் தேடுவது அதைத்தான். முதல் 'ஏன்' உங்களைத் தெளிவான படிக்குக் கொண்டு போகும், இரண்டாவது 'ஏன்' நுட்பமான படிக்கு. மூன்றாவது 'ஏன்' வேண்டாம். அங்கே போனால் பகுதியை விட்டு விலகி, இன்றைய சமூகம் கெட்டுவிட்டது என்று உபதேசம் எழுதத் தொடங்கிவிடுவோம். எனக்கு அது நடந்திருக்கிறது.

பகுதியில் ஆதாரம் இல்லாத ஊகமும் எடுபடாது. கிழவிக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் அன்பு காட்டினாள் என்று எழுத முடியாது. அப்படி ஒரு வரியும் அங்கே இல்லை.

7. எழுதும்போது

ஒரு பந்திக்குள் ஏ-யும் பி-யும் இருக்க வேண்டும். வரிசை இதுதான்: வேறுபாட்டைச் சொல்லும் ஒரு வசனம், ஏ-யிலிருந்து மேற்கோள், அதன் ஊகம், இணைப்புச் சொல், பி-யிலிருந்து மேற்கோள், அதன் ஊகம், முடிந்தால் இரண்டையும் சேர்த்து ஒரு வரி. நான் எழுதினால் இப்படி வரும்:

"இரண்டு பகுதிகளிலும் பயணிகள் உடலால் நெருங்கியிருந்தாலும் அந்த நெருக்கத்தை ஏற்கும் விதம் வேறு. சோர்ஸ் ஏ-யில் 'நான்கு வருடமாக அதே முழங்கை' என்பதிலிருந்து, நெருக்கம் அவர்கள்மேல் திணிக்கப்பட்டது என்றும், பெயர்கூடக் கேளாமல் இருப்பதன் மூலம் தங்களுக்கென்று ஒரு தனிமையைக் காத்துக்கொள்கிறார்கள் என்றும் தெரிகிறது. சோர்ஸ் பி-யிலோ கிழவி 'கேளாமலே' சால்வையைப் பகிர்கிறாள். அந்நியர் என்ற எல்லையை அங்கே யாரும் பெரிதாக எண்ணவில்லை, குளிர் அவர்களைச் சிறிது நேரத்துக்கு ஒரு குடும்பமாக்கிவிட்டது. தினமும் சந்திப்பவர்கள் விலகியிருக்க, ஒருமுறை சந்தித்தவர்கள் நெருங்கிவிடுகிறார்கள்."

மேற்கோளின் நீளத்தைக் கவனித்தீர்களா? மூன்று நான்கு சொல், சில இடத்தில் ஒரே சொல். முழு வசனத்தையும் பார்த்து எழுதுவது நேரத்தைத் தின்னும், அதற்குப் புள்ளியும் இல்லை. மேற்கோளை உங்கள் வசனத்துக்குள்ளேயே பொருத்துங்கள்.

இணைப்புச் சொற்களில் இரண்டு மூன்றை நன்றாகப் பழகினால் போதும். வேறுபாட்டுக்கு 'வேரேஸ்' (whereas), 'இன் கான்ட்ராஸ்ட்'. ஒற்றுமைக்கு 'சிமிலர்லி', 'போத்'. ஊகத்துக்கு 'சஜெஸ்ட்ஸ்', 'இம்ப்ளைஸ்'. 'ஷோஸ்' என்று எல்லா இடத்திலும் எழுதாதீர்கள். அது இருப்பதைக் காட்டும் சொல், 'சஜெஸ்ட்ஸ்' என்று எழுதும்போது ஊகிக்க வேண்டும் என்று உங்கள் கையே உங்களுக்கு நினைவூட்டும். நம்மவர்கள் வசனத்தின் தொடக்கத்தில் 'வேரேஸ்' போட்டு, அந்த வசனத்தை அங்கேயே முடித்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது இரண்டு பாதிகளை இணைக்கும் சொல். மறு பாதியும் அதே வசனத்துக்குள் வர வேண்டும்.

முன்னுரை, முடிவுரை எதுவும் வேண்டாம். "இந்த இரண்டு பகுதிகளும் பயணத்தைப் பற்றிப் பேசுகின்றன" என்று தொடங்கினால் இருபது விநாடி போச்சு.

8. பழைய ஆங்கிலத்தைக் கண்டு பயப்படாதீர்கள்

19ஆம் நூற்றாண்டுப் பகுதியில் வசனம் ஐந்தாறு வரிக்கு நீளும். கடினமான சில சொற்களுக்குக் கீழே விளக்கம் கொடுத்திருப்பார்கள், அதை முதலில் வாசியுங்கள். பிறகு நீண்ட வசனத்தில் வினைச்சொல்லைத் தேடுங்கள்: யார், என்ன செய்தார். தமிழில் வினை கடைசியில் வரும். நம் கண் அதனால் வசனத்தின் முடிவுக்கு ஓடும். ஆங்கிலத்தில் வினை எழுவாய்க்குப் பக்கத்தில், இடையில் சொருகிய தொடர்கள் இருந்தால் சற்றுத் தள்ளி இருக்கும். காற்புள்ளிகளுக்கு நடுவே சொருகியதைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிட்டு மீதியை வாசித்தால் வசனம் திறந்துவிடும்.

அகராதி கொண்டு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேறு சில பாடங்களுக்கு இருமொழி அகராதி அனுமதி உண்டு. ஆங்கில மொழிப் பரீட்சையில் கிடையாது.

9. நான்காவது கேள்வி வேறு

4வது கேள்வியும் இரண்டு பகுதிகளையும் ஒப்பிடச் சொல்லும், 16 புள்ளி. அங்கே கேட்பது எழுத்தாளர்களின் கருத்தும் மனநிலையும், அதை அவர்கள் எந்த உத்தியால் சொல்கிறார்கள் என்பதும். உவமை, தொனி, சொல் தேர்வு எல்லாம் அங்கே எழுதலாம். 2வதில் பயணிகளைப் பார்த்தோம், 4வதில் பயணிகளைப் பார்க்கும் எழுத்தாளரைப் பார்க்கிறோம். ஒரே மேற்கோளை இரண்டு இடத்திலும் பயன்படுத்தத் தடையில்லை, வேலை வேறாக இருந்தால் சரி.

10. பயிற்சிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை

பழைய வினாத்தாள், புள்ளித் திட்டம், திருத்துபவர்களின் அறிக்கை, மூன்றும் சபைகளின் இணையத்தளங்களில் இலவசம். மிக அண்மைய வினாத்தாள் மட்டும் சில மாதம் ஆசிரியர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும். நான் முதல் தடவை 60 பவுணுக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் வாங்கினேன். இரண்டாம் தடவை நூலகத்தில் அச்சடித்த தாள்களோடு மட்டும் இருந்தேன். திருத்துபவர்களின் அறிக்கையைத் தவறாமல் வாசியுங்கள். எந்த இடத்தில் பரீட்சார்த்திகள் வழுக்கினார்கள் என்று அவர்களே எழுதியிருப்பார்கள், எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு நேராக இருக்காது.

எட்டு வாரம் இருந்தால், முதல் இரண்டு வாரம் விடை எழுதவே வேண்டாம். வினாத்தாளில் ஜோடி மட்டும் தேடுங்கள். அடுத்த மூன்று வாரம் ஒரு ஜோடிக்கு ஒரு பந்தி, நேரம் பார்க்காமல். கடைசி மூன்று வாரம் கடிகாரத்தோடு, 10 நிமிடம் அடித்தவுடன் பேனையை வைத்துவிட வேண்டும். எழுதிய பந்தியில் ஏ-க்கு ஒரு நிறம், பி-க்கு ஒரு நிறம், உங்கள் ஊகத்துக்கு ஒரு நிறம் பூசிப் பாருங்கள். என் பழைய விடைத்தாளின் நகலில் இதைச் செய்தபோது மேல் பாதி முழுக்க மஞ்சள், கீழ்ப் பாதி முழுக்கப் பச்சை. மூன்றாவது நிறம் ஒரே ஒரு வரியில் இருந்தது. நவம்பருக்கு முந்திய கிழமை எழுதிய விடையில் மூன்று நிறமும் வரிக்கு வரி மாறி மாறி வந்தது.

தனியாகப் படிப்பவர்கள் வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் விடையைக் கொடுத்து நிறம் பூசச் சொல்லலாம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஊகம் எது, திருப்பிச் சொன்னது எது என்று அவள் என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தாள்.

11. பரீட்சை நாளில்

கடவுச்சீட்டு இல்லாமல் போகாதீர்கள். தனிப்பட்டவர்களை அங்கே யாருக்கும் தெரியாது, படத்தோடு முகத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். கறுப்பு மைப் பேனை இரண்டு. எந்தக் கைக்கடிகாரமும் உள்ளே கூடாது, சுவரில் கடிகாரம் இருக்கும். அது தெரியும் இடத்தில் இருக்கிறீர்களா என்று உட்கார்ந்தவுடன் பாருங்கள், தெரியாவிட்டால் தொடங்குவதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். நிறப் பேனையைச் சோர்ஸ் தாளில் பயன்படுத்தலாம், விடையில் கூடாது.

முடிவு வந்த பிறகு சான்றிதழ் தனியாகச் சில வாரம் கழித்து மையத்துக்கு வரும். அதை உங்களுக்குத் தபாலில் அனுப்புவார்களா, நேரில் போய் வாங்க வேண்டுமா என்று பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள். மையங்கள் அதைக் குறைந்தது 12 மாதம் வைத்திருக்கும், அதற்குப் பிறகு உங்களைத் தேடி வராது. கிரேடு 4க்கு ஓரிரு புள்ளிதான் குறைவு என்றால் மையத்தின் ஊடாக மறுபரிசீலனை கேட்கலாம். புள்ளி ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். அதனால் முதலில் விடைத்தாளின் நகலை எடுத்து, புள்ளித் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.